கால்களும் கணக்குப் போடும்

(நமது சங்கத்தின் சென்ற ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, கொஞ்சம் சுருக்கி அச்சிடப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'பள்ளிகளில் நடனப் பயிலரங்கு' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, காலையில் காபி குடிக்கும்போதே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "மெக்கானிக்கல் படிச்ச ஆளு, கேபிள் கம்பெனியில மெயின்டனன்ஸ் பார்க்கிற ஆளு, உனக்கும் டான்ஸுக்கும் என்னப்பா சம்பந்தம்?" நியாயமான கேள்வி. எனக்கு ஆடத் தெரியாது. கல்லூரி நாட்களில் என்னை மேடையில் பார்த்தவர்கள் யாரும் இங்கே இல்லை. காரணம், நான் மேடை ஏறியதே இல்லை. நான்கு வருஷமாக நானும் சில நண்பர்களும் திண்டுக்கல் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளிகளில் பத்து நாள் நடனப் பயிலரங்கு நடத்தி வருகிறோம். சொல்லித் தருவது கிராமியக் கலை தெரிந்த ஆசான்கள். கயிறு கட்டுவது, டீ வாங்கி வருவது, கணக்கு எழுதுவது என் வேலை. ஓரமாக நின்று பார்ப்பவனுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இன்றைக்கு ஏன் சொல்ல வேண்டும்? நாளைக் காலைப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. நம் சங்கம் உதவி செய்யும் மூன்று பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருவது என்று. நல்ல காரியம், நான் எதிர்க்கவில்லை. அந்த நிதியில் ஒரு பங்கைப் பயிலரங்குக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பள்ளியில் நடனம் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது ஆண்டுவிழா. அந்த வருஷத்து ஹிட் சினிமாப் பாட்டு ஒன்று. வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள். அந்த எட்டுப் பேரை யார் எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. கொஞ்சம் நிறமா இருக்கணும், வாடகை உடுப்புக்குப் பணம் கட்டுகிற வீடாக இருக்கணும். மிச்சம் முப்பத்திரண்டு பேர் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்கள். ஆடுகிற எட்டுப் பேரும் யூடியூபில் பார்த்த அசைவை அப்படியே செய்வார்கள். அதில் அவர்களுடையது என்று ஒன்றுமே கிடையாது. நான் பேசுவது இதைப் பற்றியல்ல.

பயிலரங்கு வேறு. ஒரு வகுப்பு முழுக்க ஆட வேண்டும். வகுப்பாசிரியரும் ஆட வேண்டும். பள்ளி நேரத்திலேயே நடக்க வேண்டும். கடைசியில் மேடை கிடையாது. இந்த நாலும் இல்லாவிட்டால் அது ஒத்திகை, பயிலரங்கு ஆகாது. வகுப்பாசிரியர் ஆடுவதுதான் ரொம்பக் கஷ்டம். முதல் நாள் எல்லா டீச்சருக்கும் முட்டி வலி வந்துவிடும். மூன்றாம் நாள் போய்விடும்!

பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். பார்க்காத தம்பிகளுக்காகச் சொல்றேன். உயரமான ஓரிடத்தில் வளையம் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து கலர் கலராகத் துணிகளைத் தொங்கவிடுவார்கள். ஆளுக்கு ஒரு துணி, ஒரு ஜோடிக் கோல். எங்கள் பள்ளியில் பழைய புடவைகளை நீளவாக்கில் கிழித்துத் தைத்து, வேப்பமரக் கிளையில் கட்டினோம். கொடிக்கம்பத்தில் கட்டினால் இன்னும் வசதி என்று ஒரு பையன் யோசனை சொன்னான். தலைமையாசிரியை பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

பன்னிரண்டு பேர் வட்டமாக நிற்கிறார்கள். ஒன்று விட்டு ஒருவர் வலப்பக்கம் பார்த்து, மற்றவர் இடப்பக்கம் பார்த்து. ஆறு பேர் ஒரு திசையில் சுற்ற, ஆறு பேர் எதிர்த்திசையில் சுற்றுவார்கள். எதிரே வருபவரை முதலில் உள்பக்கமாகக் கடக்கணும், அடுத்தவரை வெளிப்பக்கமாக, அடுத்தவரை மறுபடி உள்பக்கமாக. தாளத்தோடு இதைச் செய்யச் செய்ய மேலே துணிகள் ஜடை மாதிரி பின்னிக்கொண்டே வரும். ஓர் அளவு வந்ததும் ஆசான் குரல் கொடுப்பார். எல்லோரும் திரும்பி, வந்த வழியே போகணும். சரியாகப் போனால் பின்னல் தானாகப் பிரியும்.

இதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு வேலை ஞாபகம்தான் வந்தது. எங்கள் கம்பெனியில் கேபிளுக்கு மேலே செம்புக் கம்பியால் கூடு பின்னுகிற மிஷின் இருக்கிறது. கம்பி சுற்றிய பாபின்கள் வளைந்து வளைந்து போகிற பாதையில் ஓடும். பாதி கடிகாரத் திசையில், பாதி எதிர்த்திசையில், ஒன்றையொன்று உள்ளும் வெளியுமாகத் தாண்டிக்கொண்டு. அச்சு அசலாகப் பின்னல் கோலாட்டம்தான். இங்கிலாந்தில் மே மாதம் கம்பத்தில் ரிப்பன் கட்டி ஆடுவார்களே, அந்தப் பெயரிலேயே அதை 'மேபோல் பிரெய்டர்' என்கிறார்கள். ஷூ லேஸ் பின்னுவதும் இந்த வகை மிஷின்தான். நம்ம ஊர்ப் பாட்டிகள் கையில் கோலோடு ஆடியதைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆயில் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். ஏழாம் வகுப்பு. நாலாவது நாள் பின்னி முடித்துப் பிரிக்கும்போது பாதியில் முடிச்சு விழுந்துவிட்டது. ஆசான் தாளத்தை நிறுத்தினார். யாரையும் திட்டவில்லை. "பின்னும்போது யாரோ ஒருத்தர் வெளியே போக வேண்டிய இடத்துல உள்ளே போயிருக்கீங்க. பரவால்ல. ஆனா பிரிக்கும்போதும் அதே இடத்துல உள்ளேயே வரணும். நீங்க இப்போ சரியா வந்துட்டீங்க, அதான் முடிச்சு. யாரு, எந்த இடம், சொல்லுங்க."

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பின்னலைப் பிரிக்க வேண்டுமானால், செய்த தப்பையும் அதே இடத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். தப்பை மறைத்தால் முடிச்சு அவிழாது. கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு இது புரியும்: கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வரணும், நடுவில் எதையும் விட முடியாது. நம் பள்ளிக்கூடங்களில் தப்பு என்றால் என்ன? சிவப்பு மையில் ஒரு கோடு, இல்லாவிட்டால் காதில் ஒரு திருகு. பிள்ளைகள் ஏழு வருஷமாகக் கற்றுக்கொண்டது, தப்பை மறைப்பது எப்படி என்றுதான். அன்றைக்கு அந்த மரத்தடியில் ஒரு பையன் கையைத் தூக்கி, "ஐயா, பச்சைத் துணிக்காரியத் தாண்டுறப்ப நான் உள்ளே போயிட்டேன்" என்று சொன்னதும், மற்ற பதினொரு பேரும் "அப்பாடா" என்றார்கள். அவன் சொன்னதால் அவர்களுக்கு லாபம். தப்பைச் சொன்னவனுக்கு வகுப்பே நன்றி சொன்ன ஒரு காட்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கணக்கு டீச்சர் அடுத்த வாரத்திலிருந்து கரும்பலகையில் ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுவிட்டு, "எந்த அடியில் முடிச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

கணக்கு என்றதும் இன்னொன்று. மீச்சிறு பொது மடங்கு, நாம் எல்.சி.எம். என்று சொல்லி மனப்பாடம் செய்தது. ஆசான் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தினார். ஒரு வரிசைக்கு நாலடி ஆட்டம், முதல் அடியில் கைதட்டு. இன்னொரு வரிசைக்கு ஆறடி ஆட்டம், அதற்கும் முதல் அடியில் கைதட்டு. "ரெண்டு வரிசையும் சேர்ந்து தட்டித் தொடங்குறோம். மறுபடி எப்ப சேர்ந்து தட்டும்?" பிள்ளைகள் உடனே சொன்னது, "நாலாறு இருபத்திநாலு எண்ணின பெறகு." ஆடிப் பார்த்தால் பன்னிரண்டு எண்ணி முடித்து, பதிமூன்றாவதிலேயே இரண்டு வரிசையும் ஒன்றாகத் தட்டின. பிள்ளைகளுக்கு ஆச்சரியம். பிறகு மூன்றும் நாலும் ஆடினார்கள். அங்கேயும் பன்னிரண்டு. இது பெருக்கினாலும் வருது, அது பெருக்கினா வரலையே, ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பிள்ளை. அப்போதுதான் டீச்சர் சாக்பீஸைக் கையில் எடுத்தார். கேள்வி பிறந்த பிறகு வந்த விடை அது. ஐந்தும் ஏழும் ஆடச் சொன்னபோது ஒருத்தி, "ஐயா, இது முப்பத்தஞ்சுலதான் சேரும், கால் வலிக்கும், ஆட வேணாம்" என்றாள். அவளுக்கு எல்.சி.எம். புரிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன பரீட்சை வேண்டும்?

நம்ம தாளக் கணக்கே இதுதானே. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஒரே தாளத்துக்குள் அடியை இரட்டிப்பாக்கினால் இரண்டாம் காலம், அதையும் இரட்டிப்பாக்கினால் நாலு மடங்கு. பின்னம் கற்க இதைவிட நல்ல சாதனம் எந்த ஸ்மார்ட் போர்டிலும் இல்லை. இருக்கட்டும், நிதியைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

கணக்கு வருவது ஒரு பக்கம். எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு பக்கம். அதைச் சொல்வதற்கு முன், ரூடால்ஃப் லாபான் என்கிற மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 1879-ல் பிறந்தவர். ஜெர்மனியில் பெரிய நடன ஆசிரியராக இருந்து, நாஜிகளுக்கு ஆகாமல் போய், 1938-ல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம். லாரன்ஸ் என்ற தொழில் ஆலோசகர் அவரைத் தொழிற்சாலைகளுக்கு அழைத்துப் போனார். ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் கனமான வேலைகளுக்குப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்கள் உடம்பை எப்படி வீசி, எந்த வேகத்தில் தூக்கினால் களைக்காமல் வேலை செய்யலாம் என்று லாபான் கவனித்துச் சொன்னார். இருவரும் சேர்ந்து 1947-ல் 'எஃபர்ட்' என்று புத்தகமே எழுதினார்கள். அடுத்த வருஷமே லாபான் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'மாடர்ன் எஜுகேஷனல் டான்ஸ்' எழுதினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் நடனம் ஒரு பாடமாக வேர்விட்டதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, தொழிற்சாலைக்கும் நடனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று காலையில் கேட்ட அண்ணன்களுக்கு இதுதான் என் பதில்.

லாபான் சொன்னது எளிமையான விஷயம். எந்த அசைவையும் நாலு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். கனமா, லேசா? சட்டென்றா, நிதானமாகவா? நேராகப் போகிறதா, வளைந்து வளைந்தா? பிடித்து வைத்திருக்கிறதா, ஓடவிட்டதா? எங்கள் ஆசான் லாபான் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் முதல் நாள் அவர் செய்வது இதைத்தான். ஆட்டமே கிடையாது, வெறும் நடை. தண்ணிக் குடம் தூக்கி நட. சுடுமணல்ல நட. ரேஷன் கடை வரிசையில நில்லு. பிறகு, "உங்க வீட்ல தெனமும் நடக்குற ஒரு வேலைய, பேசாம, எட்டு எண்ணுறதுக்குள்ள காட்டுங்க."

எங்கள் பக்கம் நூல் மில்கள் நிறைய. ஒரு பையன் அவன் அம்மா மில்லில் மிஷின் ஓரமாக நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுவதைக் காட்டினான். நடையை நிறுத்தவே இல்லை, கை மட்டும் சட்சட்டென்று போய் வந்தது. ஸ்பின்னிங் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பீர்கள். இன்னொருத்தன் அவன் அப்பா டீ ஆற்றுவதைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. முதல் பீரியடில் தினமும் தூங்கும். கேட்டால் பதில் வராது. பேர் சொல்லி எழுப்பினால் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். 'மந்தமான குழந்தை' என்று பதிவேட்டிலேயே எழுதியிருந்தார்கள். அவள் முறை வந்தது. வலது கை விரல் மூன்றும் வேகமாகக் கிள்ளிக் கிள்ளி இடுப்பில் கட்டிய மடிக்குப் போகிறது. இடது கை செடியை விலக்குகிறது. முதுகு வளைந்தே இருக்கிறது. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, நெற்றியைத் தொட்டு எதையோ சரி செய்துவிட்டு, மறுபடி குனிகிறாள். எட்டு எண்ணிக்கை முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. ஆசானும் நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது: மல்லிகை. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பெயர் போனது, உங்களுக்குத் தெரியும். மொட்டு விரிவதற்கு முன்னால், விடிவதற்கு முன்னால், பறித்தாகணும். நெற்றியில் அவள் சரி செய்தது டார்ச் லைட்.

வகுப்பாசிரியை என் பக்கத்தில்தான் நின்றார். "நாலு மணிக்கே எந்திரிக்கிறியா தாயி?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை "மூணரை டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். யாரும் அழவில்லை, சினிமா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவளுக்கு முதல் பீரியடில் பாடம் வாசிக்கும் வேலை இல்லை. மத்தியானம் கேள்வி கேட்டார்கள், பதில் வந்தது. டீச்சர் அவள் அம்மாவைப் பார்த்துப் பேசி, பரீட்சை மாதங்களில் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதில்லை என்று சம்மதம் வாங்கினார். பதிவேட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டார்.

வெளிப்பாடு, வெளிப்பாடு என்று கல்வியாளர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருந்தது. வாயால் சொல்ல வராத ஒன்றை ஒரு குழந்தை உடம்பால் சொல்லி, அதைக் கேட்க ஒரு பெரியவர் அங்கே இருந்தால், அந்தக் குழந்தையின் காலை நேரமே மாறிவிடுகிறது. இப்போது அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

இதெல்லாம் ஏதோ புதுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ரவீந்திரநாத் தாகூர் 1919-ல் சில்ஹெட் போனபோது மணிப்புரி நடனத்தைப் பார்த்து, அதைச் சொல்லித்தர ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். நல்ல வீட்டுப் பிள்ளைகள் ஆடுவதா என்று கேட்ட காலம் அது. வங்காளத்திலேயே குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1932-ல் பிரதசாரி என்ற இயக்கத்தைத் தொடங்கி, கிராமிய நடனங்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். நம்ம ஊரில் 1990-களில் அறிவொளி இயக்கம் கலைப்பயணம் என்று ஊர் ஊராகப் போய், ஆட்டமும் பாட்டுமாகப் பெரியவர்களை எழுத்துப் படிக்க அழைத்தது. இங்கே உள்ள மூத்தவர்களில் சிலர் அதில் தொண்டராக இருந்திருப்பீர்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம், பெ. ராஜகோபால் வாத்தியாரும் ஹன்னா டி புரூயினும் நடத்தியது, 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலமே வைத்திருந்தது. அங்கே பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் படித்தார்கள். ஆண்கள் மட்டுமே வேஷம் கட்டிய கூத்தில் பெண் பிள்ளைகள் கட்டி ஆடினார்கள். அது இன்றைக்கு இல்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

பறை விஷயத்தைச் சொல்லாமல் போனால் நான் பாதிதான் பேசியவனாவேன். பயிலரங்கில் ஆறாவது நாள் பறையாட்டம். முதல் வருஷம் அன்றைக்கு ஒன்பது பிள்ளைகள் வரவில்லை. காய்ச்சல் இல்லை. "எங்க புள்ள அதைத் தொடாது" என்று இரண்டு வீட்டில் நேராகவே சொன்னார்கள். ஏன் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாவு வீட்டுக் கருவி என்று ஒரு ஜாதியின் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கையையும் கருவியையும் சேர்த்து ஒதுக்கிவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் குடும்பத்துப் பெண் பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்து 1990-களிலிருந்து மேடையேற்றி வருகிறது. அதே கருவிக்காக மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தலைநகரில் விருது கொடுத்துவிட்டார்கள், தெருவில் இன்னும் தொட மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் ஆசான் வாதம் செய்யவில்லை. அடுத்த வருஷம் பறையை அறிவியல் பீரியடில் கொண்டுவந்தார். வைக்கோல் போட்டுத் தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் தட்டிக் காட்டினார். ஏன் சத்தம் ஏறுகிறது? தோலில் இருந்த ஈரம் போய் இறுகுகிறது, இழுவிசை கூடுகிறது, அதிர்வெண் கூடுகிறது. பாடப் புத்தகத்தில் உள்ள அதே ஒலியியல். பிறகு வரிசையாக எல்லோரும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்கள். அறிவியல் பீரியடுக்கு யாரும் பிள்ளையை அனுப்பாமல் இருக்கவில்லை! அதற்குப் பிறகு ஆட்டத்துக்கு வராமல் போனவர்கள் ஒன்பதிலிருந்து இரண்டானார்கள். அந்த இரண்டு வீட்டையும் நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் அவர்களுக்காகப் பறையை எடுத்துவிடவும் இல்லை. எடுத்திருந்தால் அந்தக் கருவியோடு வளர்ந்த பிள்ளைகளிடம் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்?

பெண் பிள்ளைகள் விஷயத்திலும் தடங்கல் உண்டு. ஏழாவது எட்டாவது வந்துவிட்டால் ஆடக் கூடாது என்பார்கள். அங்கே கும்மி கை கொடுக்கிறது. பாட்டியும் அம்மாவும் அடித்த கும்மியை யாரால் குறை சொல்ல முடியும்? ஒரு நாள் பாட்டிகளையே பள்ளிக்கு அழைத்து அடிக்கச் சொன்னோம். அன்றைக்குப் பள்ளிக்கு வந்த பெற்றோர் கூட்டம், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குக்கூட வந்ததில்லை என்று தலைமையாசிரியை சொன்னார்.

அரசாங்கம் இதையெல்லாம் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. 2005-ன் தேசியக் கலைத்திட்டம், கலையைப் பொழுதுபோக்காக வைக்காமல் பத்தாம் வகுப்பு வரை பாடமாக வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000 சம்பளத்தில் நியமித்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அரைச் சம்பளத்தில் முழுக் கலை வளராது, இது என் அபிப்பிராயம். 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். அதை நான் வரவேற்கிறேன், எங்கள் பிள்ளைகளே போய்ப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அது போட்டி. போட்டிக்கு மறுபடி எட்டுப் பேரைப் பொறுக்க வேண்டும். மிச்சம் முப்பத்திரண்டு பேருக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

மார்க் கூடுமா என்று பொருளாளர் அண்ணன் கேட்டார். அவர் கேட்க வேண்டியவர்தான், கேட்கட்டும். ஆடிய பிள்ளைகள் எல்லாம் கணக்கில் நூறு வாங்கிவிடும் என்று நான் சொன்னால், அது டியூஷன் சென்டர் நோட்டீஸ். அப்படி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எல்.சி.எம். புரிய ஒரு கதவு, தப்பைச் சொல்ல ஒரு தைரியம், டீச்சருக்குத் தன் வகுப்பைப் புதிதாகப் பார்க்க ஒரு வாய்ப்பு. இவ்வளவுதான் பத்து நாளில் கிடைக்கும். இதற்காகப் பள்ளி நேரத்தில் பத்து மத்தியானம் போகும். போகட்டும் என்று நினைப்பவன் நான்.

இப்போது கணக்கு. போன தடவை ஒரு பள்ளிக்கு மொத்தம் ரூ.38,000 ஆனது. இரண்டு ஆசான்களுக்குப் பத்து நாள், நாளொன்றுக்கு ரூ.1,500 வீதம் ரூ.30,000. துணி, கோல் வகையில் ரூ.3,000. சாப்பாடு, பஸ் வகையில் ரூ.5,000. இதில் ஆசான்கள் சம்பளத்தை மட்டும் யாரும் குறைக்கச் சொல்லாதீர்கள். கலைஞர் என்றால் பொன்னாடை போர்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்பலாம் என்று நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பொன்னாடையை வைத்து அவர் வீட்டில் உலை வைக்க முடியாது. மூன்று பள்ளிக்கும் சேர்த்து வருஷத்துக்கு ரூ.1,14,000. ஸ்மார்ட் போர்டை இரண்டு பள்ளிக்கு இந்த வருஷம், மூன்றாவதற்கு அடுத்த வருஷம் என்று வைத்துக்கொண்டால் இது முடியும். அந்த மூன்றில் ஒரு பள்ளியில் ஏற்கெனவே யாரோ கொடுத்த போர்டு ஒன்று தலைமையாசிரியர் அறையில் துணி போர்த்தி இருப்பதையும் கமிட்டியின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு எட்டுப் பேர் தொண்டர்களாக வேண்டும். ஆடத் தெரிய வேண்டியதில்லை, என்னைப் பாருங்கள். வீடியோ எடுக்க மட்டும் வருகிறேன், டிரோன் கொண்டுவருகிறேன் என்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். அந்த மல்லிகைப் பிள்ளை முன்னால் கேமரா இருந்திருந்தால் அவள் மடியில் கை வைத்திருக்கவே மாட்டாள். பத்து நாளும் முழுசாக வர முடிகிறவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். ஐந்தாம் நாள் அக்காவும் அண்ணனும் காணாமல் போனால் பிள்ளைகள் தேடும்.

தீர்மானத்தின் திருத்தத்தை எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். ஆதரிப்பவர்கள் கையெழுத்துப் போடுங்கள், நாளைப் பத்து மணிக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள். எங்கள் ஆசான் இன்றைக்கு என்னோடு வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் வெள்ளைத் துண்டோடு இருப்பவர்தான். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு ஆடிட்டோரியம் பின்னால் இருக்கும் புளியமரத்தில் துணி கட்டியிருப்போம். பன்னிரண்டு பேர் வேண்டும். பேராசிரியர்களும் வரலாம். முட்டி வலி இருப்பவர்கள் முதலில் வாங்க.